லட்சுமிகாந்தனைக் கொன்றது விதியா?

2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் "காந்தா" என்கின்ற சினிமாப் படம் ஒன்று வெளியாயிற்று. துல்கர் சல்மானும் சமுத்திரக்கனியும் நடித்தது. 1950-ஐ ஒட்டிய காலத்துச் சென்னை சினிமா உலகத்தையும், அதற்குள் நடக்கும் ஒரு கொலையையும், அக்கொலைக்குப் போலீசார் துப்புத் துலக்குவதையும் பற்றிய கதை. படம் வெளிவருவதற்கு முன்பாகவே, இது எம்.கே. தியாகராஜ பாகவதரின் கதைதான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பாகவதர் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர் கோர்ட்டுக்கும் போனார். படம் எடுத்தவர்களோ, இது முழுவதும் கற்பனை என்று சொன்னார்கள். படத்தில் கொலையுண்டு போவதும் ஒரு நடிகைதானே ஒழிய, லட்சுமிகாந்தன் அல்ல.

ஆனால் ஜனங்கள் அதை அப்படி எடுத்துக் கொள்ளுகிறார்களா? வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்குப் போய்ப் படம் பார்த்தவரும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தவரும், "ஓகோ, அந்தக் காலத்தில் நடந்தது இதுதானா!" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 80 வருஷத்துக்கு மேலாக யாராலும் துலக்க முடியாத ஒரு சாவுக்கு இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்புக் கிடைத்துவிடுகின்றது. அதுவும் அந்தச் சாவைப் பற்றியே அல்லாத ஒரு படத்தைப் பார்த்துவிட்டு! இந்தப் புத்தியைப் பற்றித்தான் இவ்வாரம் சில வார்த்தை சொல்ல ஆசைப்படுகின்றோம். படம் நல்லதா, கெட்டதா என்பது நமது விஷயமல்ல.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பேரால் ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி வசை எழுதுவதும், எழுதாமலிருப்பதற்குப் பணம் பெறுவதும் அப்பத்திரிகையின் பிழைப்பென்று பேர் பெற்றது. சினிமாக்காரர்கள் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டுக் கொண்டார்கள். பத்திரிகையின் லைசென்சு ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் அதற்குப் பின்பு "இந்து நேசன்" என்ற பத்திரிகையைக் கைப்பற்றிக் கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். 1944-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, சென்னை வேப்பேரியில் கைரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்தவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். கோயமுத்தூர் பட்சிராஜா பிலிம்ஸ் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். சென்னை ஐக்கோர்ட்டில் ஜூரிகள் வைத்து விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே ஐக்கோர்ட்டில் செய்த அப்பீல் அவ்வருஷம் அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அப்பீலைத் திரும்பவும் விசாரிக்கும்படி உத்தரவாகி, 1947 ஏப்ரல் மாதத்தில் ஐக்கோர்ட்டே இருவரையும் விடுதலை செய்தது. ஆக, சுமார் 28 மாதம் இரண்டு மனிதர்கள் சிறையிலிருந்தார்கள். அவர்கள் மீது சாட்டிய குற்றம் நிலைக்கவில்லை. லட்சுமிகாந்தன் எதற்காக, யார் சொல்லிக் கொல்லப்பட்டார் என்பதோ இன்றைக்கும் துலங்கவில்லை.

இவ்வளவுதான் ருஜுவுள்ள சங்கதி. இதற்கு மேல் சொல்லப்படுவதெல்லாம் பேச்சு.

இனி, அந்தப் பேச்சுகளை எடுத்துக் கொள்ளுவோம். அன்றைக்கு நம் வேப்பந்தட்டை, பெரம்பலூர் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவில் சேர்ந்திருந்தன. பாகவதரும் திருச்சியில் குடியிருந்தவர். ஆதலால், நம் பக்கத்துக் கிழவர்களுக்கு அவர் அயலூர்க்காரர் அல்ல. அவரைப் பற்றி நம் ஊர்த் திண்ணைகளில் இரண்டு விதமான பேச்சுதான் வழங்கி வந்திருக்கின்றது. ஒன்று, "அவர் அப்படிப்பட்டவரா? அந்தக் குரலுக்கு உடையவர் கொலை செய்வாரா?" என்பது. மற்றொன்று, "நெருப்பில்லாமல் புகையுமா? பணம் இருந்தது, தப்பித்துக் கொண்டார்" என்பது. முதல் பேச்சு பக்தருடையது. இரண்டாவது பேச்சு பொறாமைக்காரருடையது. இருவருக்கும் ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒற்றுமை உண்டு. அதாவது, இருவருமே சாட்சியத்தைப் பார்த்தவர்களில்லை.

குரல் நன்றாயிருந்தால் கை சுத்தமாயிருக்கும் என்பது எந்த ஊர் நியாயம்? பணமிருந்தவன் விடுதலையானால் அவன் குற்றவாளிதான் என்பது எந்தச் சாஸ்திரம்? பணமும் பேரும் அவர்களுக்கு 1945-லும்தானே இருந்தன? அப்போது ஏன் தண்டனை கிடைத்தது? பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" என்ற படம் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. திரையில் தெரிந்தவர் சிறைக்குள் இருந்தார். கொட்டகைக்குள் ஜனங்கள் காசு கொடுத்து உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். ஆனால் சிறையிலிருந்து அவர் வெளியே வந்து நடித்த "ராஜமுக்தி" 1948-ல் தோற்றது. அதன் பிறகு பழைய நிலைக்கு அவர் வரவே இல்லை, 1959-ல் காலமானார். கோர்ட்டு குற்றமில்லை என்று சொன்ன பிறகு ஜனங்கள் கைவிட்டார்கள். தண்டனை அனுபவித்துக் கொண்டிருந்த காலத்தில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இதில் நியாயம் எங்கே, யோசனை எங்கே என்று கேட்கின்றோம்.

என்.எஸ். கிருஷ்ணன் விஷயத்தில் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூடநம்பிக்கையைச் சிரிப்பினாலேயே அடித்து நொறுக்கியவர் என்பதால், அவர் நம்மைச் சேர்ந்தவர் என்று நாம் பெருமைப்படுகின்றோம். அது சரி. ஆனால், நம்மவர் என்பதற்காக அவர் நிரபராதி என்று சொல்லுவோமானால், நமக்கும் நாம் பரிகாசம் செய்யும் பக்தருக்கும் என்ன வித்தியாசம்? அவர் மீது சாட்டிய குற்றம் ருஜுவாகவில்லை. ஆகவே அவர் நிரபராதி. அந்தக் காரணம் ஒன்றே போதும். நம்மவருக்கு ஒரு தராசு, பிறத்தியாருக்கு ஒரு தராசு என்று வைத்துக் கொள்ளுவது மனுதர்மத்தின் வேலையே ஒழிய, பகுத்தறிவின் வேலை அல்ல.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். "லட்சுமிகாந்தன் செய்த பாவம் அவனைத் தின்றது, பாகவதருக்கு அப்போது சனி பிடித்திருந்தது, எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பார்ப்பதற்கு இது சாதுவான பேச்சாகத் தோன்றும். ஆனால், இம்மூன்றிலும் மிகக் கெட்டது இதுதான் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், முன் சொன்ன இருவரும் கத்தியைப் பிடித்த கை ஒன்று இருந்தது என்றாவது ஒப்புக் கொள்ளுகிறார்கள். விதி என்று சொல்லுகிறவனோ அந்தக் கையையே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். விதி குத்தியதென்றால் போலீஸ் எதற்கு? பாவம் தின்றதென்றால் கோர்ட்டு எதற்கு? குத்தினவன் எவனோ, குத்தச் சொன்னவன் எவனோ, அவனுக்கு இந்த விதி வேதாந்தத்தைப் போல் ஒரு நல்ல வக்கீல் உலகத்தில் வேறு கிடைப்பானா? பீசும் இல்லை, வாய்தாவும் இல்லை.

அது மாத்திரமல்ல. லட்சுமிகாந்தன் கெட்டவன், ஆகையால் செத்தது நல்லது என்கின்ற எண்ணம் அதற்குள் ஒளிந்து கொண்டிருக்கிறது. அவர் எழுத்து கேவலமான எழுத்து என்பதில் சந்தேகமில்லை. பெண்களின் மானத்தைக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பிழைப்பை யார் புகழுவார்கள்? அதற்கு அவதூறு வழக்கு உண்டு. பணம் கேட்டு மிரட்டினால் அதற்குத் தண்டனை உண்டு. ஆனால் தெருவில் குத்திப் போடுவதற்குச் சட்டம் இல்லை. கெட்டவனைக் கொன்றாலும் கொலை கொலைதான். இன்றைக்குக் கெட்ட எழுத்தாளனைக் குத்தலாம் என்று ஒப்புக் கொண்டால், நாளைக்கு உண்மையை எழுதுகிறவனைக் கெட்டவன் என்று சொல்லிக் குத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2013-ல் பூனாவில் நரேந்திர தபோல்கரையும், 2015-ல் கல்புர்கியையும், 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷையும் சுட்டவர்களும், அவர்கள் கெட்டவர்கள் என்ற எண்ணத்தோடுதானே சுட்டிருப்பார்கள்?

மேலும், அந்தப் பத்திரிகை லட்சுமிகாந்தன் ஒருவரால் நடந்ததா? வாங்கிப் படித்தவர்களால் நடந்தது. வெளியில் சீ என்று சொல்லி, உள்ளே ஒளித்து வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேரோ! இன்றைக்கு நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் "இந்து நேசன்" இருக்கிறது. அதற்கு லைசென்சும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி எவனோ அனுப்பியதை, மெய்யா பொய்யா என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறவன், லட்சுமிகாந்தனைக் குறை சொல்ல யோக்கியதை உடையவனா? லட்சுமிகாந்தனாவது தன் பேரைப் போட்டுக் கொண்டு எழுதினார்.

இனி சினிமாவுக்கு வருவோம். துப்பறியும் கதை என்றால், முடிவில் கொலைகாரன் அகப்பட்டாக வேண்டும். அகப்படாவிட்டால் காசு கொடுத்தவன் கோபித்துக் கொள்ளுவான். வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. அதனால், துலங்காத சாவு ஒன்றைப் படமாக எடுக்கிறவன், இல்லாத முடிவு ஒன்றைத் தானே செய்து வைக்க வேண்டியவனாகிறான். கற்பனை என்று முன்னால் எழுதிவிட்டு அப்படிச் செய்வதில் குற்றமில்லை. அந்தக் கற்பனையை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சரித்திரம் என்று வைத்துக் கொள்ளுகிற பார்வையாளனிடத்தில்தான் குற்றம். புராணத்தை எவனோ எழுதினான். அது நடந்தது என்று நம் ஜனங்கள் நம்பினார்கள். அதைக் கொண்டு ஆயிரம் வருஷம் அவர்களை ஏய்த்தார்கள். படம் காட்டி நம்ப வைப்பதற்கு ஆயிரம் வருஷம் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

சினிமாவினால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் டிமதி இவான்ஸ் என்ற ஒரு ஏழை லாரி ஓட்டியை, தன் குழந்தையைக் கொன்றதாக 1950-ல் தூக்கில் போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, அதே வீட்டில் குடியிருந்து, அவ்வழக்கில் அவனுக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்ன கிறிஸ்டி என்பவன் பல பெண்களைக் கொன்றவன் என்று வெளியாயிற்று. 1966-ல் சர்க்கார் இவான்சுக்கு மன்னிப்பு அளித்தது. போன உயிருக்கு மன்னிப்பு! 1971-ல் இதைப் படமாக எடுத்தவர்கள், அந்தச் சம்பவம் நடந்த தெருவிலேயே போய், கண்டறிந்த சங்கதியை ஒட்டியே எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவன், "கோர்ட்டும் தவறக்கூடும், ஆகையால் உயிரை எடுக்கும் தண்டனை கூடாது" என்று யோசித்துக் கொண்டு எழுந்து போவான். யோசிக்க வைக்கும் படம் வேறு. யோசனையைத் தீர்த்து வைக்கும் படம் வேறு.

இவ்வளவும் பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன என்று வேப்பந்தட்டைத் தோழர்கள் நினைக்க வேண்டாம். துலங்காத சாவு நம் ஊர்களில் இல்லையா? கிணற்றில் ஒரு பெண் மிதந்தால், "முனி அடித்தது" என்கிறோம். பருத்திக் காட்டிலோ, மக்காச்சோளக் கொல்லையிலோ ஒருவன் விழுந்து கிடந்தால், "உச்சி நேரத்தில் போனான், காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்கிறோம். கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகாத மருமகள் செத்தால், "தீராத வயிற்றுவலி" என்கிறோம். கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்கிறோம். விடிவதற்குள் எரித்துவிடுகிறோம். கோடாங்கி சொன்னதை எந்தக் கோர்ட்டு ஏற்கும்? சாம்பலை எந்த டாக்டர் பரிசோதிப்பார்? சுடுகாட்டுக்குப் போவதில் நாம் காட்டும் அவசரம், அநேக இடங்களில் கொலைகாரனுக்குச் செய்யும் உதவியாகவே முடிகின்றது.

இதிலும் சாதி வந்து சேர்ந்து கொண்டால் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்து ஜில்லாவில், விருத்தாசலத்தை அடுத்த ஊரில், 2003-ம் வருஷம் சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட கண்ணகி - முருகேசன் என்ற இரண்டு பேரை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அது கொலை என்று கோர்ட்டு சொல்லித் தண்டனை கொடுப்பதற்கு 2021-ம் வருஷம் வரை, அதாவது 18 வருஷம் ஆயிற்று. ஊரறியச் செய்த கொலைக்கே இக்கதி என்றால், ஊரறியாமல் செய்த கொலைகள் எத்தனை கணக்கில் வராமல் போயிருக்கும்!

2015-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஓமலூர்ப் பக்கத்து இஞ்சினீயர் பட்டதாரி வாலிபரான கோகுல்ராஜின் உடல், பள்ளிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையில் கிடந்தது. தற்கொலை போல் தோன்றும்படி செய்திருந்தார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அவர், வேறு சாதிப் பெண் ஒருத்தியோடு பேசிக் கொண்டிருந்ததுதான் குற்றம். அதற்கு முதல் நாள் அவர்கள் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஆணும் பெண்ணும் பாதிப்பாதியாய்ச் சேர்ந்து நிற்கும் சாமி அது! அந்தச் சாமியின் சன்னதியிலிருந்துதான் அவ்வாலிபரைப் பிரித்துக் கொண்டு போனார்கள். சாமி தடுக்கவுமில்லை, பிற்பாடு சாட்சி சொல்லவுமில்லை. கோயிலில் மாட்டியிருந்த காமிரா சாட்சி சொல்லிற்று. மனித சாட்சிகள் பிறழ்ந்த வழக்கில் அந்த இயந்திரம் பிறழவில்லை. 2022-ல் மதுரை விசேஷக் கோர்ட்டு பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்பீலை விசாரித்த ஐக்கோர்ட்டு நீதிபதிகள், காமிரா இருந்த இடத்தைத் தாங்களே அக்கோயிலுக்கு நேரில் போய்ப் பார்த்து, 2023-ல் பிரதானமானவர்களின் தண்டனையை உறுதி செய்தார்கள். நீதிபதி கோயிலுக்குப் போனது கும்பிடுவதற்கு அல்ல, சோதித்துப் பார்ப்பதற்கு என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சாவின் உண்மை வெளிவருகிற வழி இதுதான். குறியும் அல்ல, விதியும் அல்ல, சினிமாவும் அல்ல.

ஆகவே, நம் தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? ஊரில் சந்தேகமான சாவு ஒன்று நேர்ந்தால், பிணத்தை எடுப்பதற்கு முன்பு போலீசுக்குத் தகவல் கொடுங்கள். இப்படிப்பட்ட சாவைப் போலீசார் விசாரிக்க வேண்டும் என்று பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 194-வது பிரிவாக இருக்கிறது. கலியாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால், பிரேதப் பரிசோதனைக்குக் கட்டாயமாய் அனுப்பச் சட்டம் இருக்கிறது. நிர்வாக மாஜிஸ்திரேட்டின் விசாரணையும் உண்டு. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாய்க் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போங்கள். "அறுத்துப் பார்த்தால் ஆத்மா சாந்தியடையாது" என்று எவனாவது சொன்னால், கொன்றவன் வெளியே திரிந்தால் மட்டும் சாந்தியடையுமா என்று கேளுங்கள்.

அதோடு கூட, ருஜு ஆகும் வரை யாரையும் கொலைகாரன் என்று வாயால் தூக்கில் போடாதீர்கள். அன்றைக்கு ஜூரிகள் ஒரு முடிவு சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்குள் அம்முடிவு நிற்கவில்லை. எல்லாச் சாட்சியங்களையும் நாள் கணக்காய்க் கேட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் சொன்ன முடிவுக்கே இக்கதி என்றால், டீக்கடைப் பெஞ்சில் ஐந்து நிமிஷத்தில் சொல்லும் முடிவுக்கு என்ன மதிப்பு? "தெரியாது" என்று சொல்லுவதற்கு நம் ஜனங்கள் வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தில்தான் கடவுளும் விதியும் பேயும் குடியிருக்கின்றன. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்து கொள்ளுவதற்கு வழி தேடுகிறவன்தான் சுயமரியாதைக்காரன்.

லட்சுமிகாந்தனைக் கொல்லச் செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. இன்னும் பத்துப் படம் எடுத்தாலும் தெரிய வரப் போவதில்லை. அந்தச் சாவைத் துலக்கும் காலம் போய்விட்டது, சாட்சிகளும் போய்விட்டார்கள். ஆனால் நாளைக்கு நம் ஊரில் நேரப் போகும் சாவு இருக்கின்றதே, அதைத் துலக்குவதற்குக் காலம் இருக்கிறது. அதற்கு வேண்டியது பிணத்தைச் சுற்றி நின்று ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் ஒரே ஒரு மனிதன் எழுந்து, "எப்படிச் செத்தது? யார் பார்த்தது?" என்று கேட்பதுதான். அந்த ஒரு மனிதன் நம் தோழர்களில் ஒருவனாக இருக்க வேண்டும் என்பதே நமது ஆசை.